ஒரு கோப்பை விலையில் ஓர் ஆசனம்

இன்று உக்ரைன் தேசத்தில் லிவிவ் என்று வழங்கும் நகரம், இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் போலந்து தேசத்தின் லுவோவ் நகரமாக இருந்தபோது, அங்கே ஸ்காட்டிஷ் கபே என்றொரு காப்பிக் கடை இருந்தது. ஸ்டெபான் பானாக், ஸ்டானிஸ்லாவ் மஸூர், ஸ்டானிஸ்லாவ் உலாம் முதலிய கணித சாஸ்திரிகள் அங்கே கூடி, சலவைக்கல் மேஜையின்மேல் பென்சிலால் எழுதியும் அழித்தும் மணிக்கணக்காக விவாதிப்பது வழக்கம். மேஜை துடைக்கப்படும்போது அன்றைய சிந்தனையும் அதனோடு துடைபட்டுப் போய்க்கொண்டிருந்த நிலையில், 1935-ஆம் ஆண்டில் பானாக்கின் மனைவி லூசியா கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அந்தப் புத்தகம் கடையிலேயே, சிப்பந்தியின் பொறுப்பில் இருந்தது. வந்தவர் கேட்டால் அவர் காப்பியோடு அதையும் கொண்டுவந்து வைப்பார், எழுதி முடித்ததும் எடுத்துச் சென்று பத்திரப்படுத்துவார். 'ஸ்காட்டிஷ் புத்தகம்' என்று பின்னாளில் பிரசித்தி பெற்ற அந்த ஏட்டில் 193 கணக்குகள் பதிவாயின. 1936 நவம்பரில் மஸூர் எழுதிய 153-ஆம் கணக்கை விடுவிப்பவருக்கு உயிருள்ள வாத்து ஒன்று பரிசு என்று குறிக்கப்பட்டிருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1972-இல், ஸ்வீடன் தேசத்துப் பெர் என்ஃப்லோ அதை விடுவித்து, வார்ஸா நகரத்துக்கு வந்து வாத்தைப் பெற்றுக்கொண்டார்.

பானாக்கின் பெயரை உயர் கணிதம் பயிலும் மாணவர் அனைவரும் அறிவார்கள். அந்த ஏட்டைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, கேட்டபோதெல்லாம் மேஜைமேல் கொண்டுவந்து வைத்த சிப்பந்தியின் பெயரை விசாரித்தவர்கள் எத்தனை பேர்? காப்பிக் கடைகள் அறிவுலகத்துக்குச் செய்த உபகாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களின் பக்கம் நின்றே அந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறார்கள். கோப்பையை ஏந்தி வந்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால், அதே கதை வேறொரு பொருளைத் தருகிறது என்பதும், அந்தப் பொருளை இன்று நம் ஊர்கள் உணர்ந்துகொள்வது அவசியம் என்பதும் என் அபிப்பிராயம்.

காப்பி என்னும் பானத்துக்கே அறிவை வளர்க்கும் விசேஷ சக்தி உண்டென்று நான் நினைக்கவில்லை. சாராயக் கடையில் நேரம் ஆக ஆகப் பேச்சுக் குழறும், காப்பிக் கடையில் நேரம் ஆக ஆகப் பேச்சுத் தெளியும் என்பது உண்மைதான். ஆயினும் அதே காப்பியை நாம் தினந்தோறும் நம் வீட்டிலும் அருந்துகிறோம், அதனால் சாஸ்திரமோ காவியமோ பிறந்துவிடுவதில்லை. கடை நமக்குத் தந்தது ஓர் ஆசனம். பிறர் வீட்டுக்குப் போனால் நாம் விருந்தினர். வீட்டுக்காரர் மனம் கோணாமல் பேசவேண்டிய கட்டுப்பாடும், அவர் கடிகாரத்தைப் பார்த்தால் எழுந்துவிட வேண்டிய மரியாதையும் நமக்கு உண்டு. காரியாலயத்தில் மேலதிகாரி, கீழதிகாரி என்ற வரிசை உண்டு. கல்லூரியில் ஆசிரியர் மேடையிலும் மாணவர் கீழேயும் இருப்பார்கள். பொதுக் கூட்டத்திலோ ஒருவர் பேச, ஆயிரம் பேர் கேட்கவேண்டும். காப்பிக் கடையில் மட்டும், ஒரு கோப்பைக்கு உரிய காசைக் கொடுத்த மாத்திரத்தில், கொடுத்தவர் நீதிபதியானாலும் அச்சுக்கோப்பவரானாலும் அந்த நாற்காலி அவருடையதாகிவிடுகிறது. எதிர் நாற்காலியில் வந்து அமரும் முன்பின் அறியாதவருக்கும் அதே உரிமை கிடைத்துவிடுகிறது. இப்படி ஒருவருக்கொருவர் கடன்படாத இருவர், எழுந்திரு என்று சொல்வார் இல்லாத அவகாசத்தில், எதிரெதிரே அமரும்போது நடக்கும் சம்பாஷணைக்குத்தான் மனிதனைத் தன் சொந்த அபிப்பிராயத்திலிருந்து அசைக்கும் வல்லமை உண்டு. மஸூருடனும் பானாக்குடனும் தாம் நடத்திய விவாதம் ஒன்று, சாப்பாட்டு வேளைகளைத் தவிர வேறு இடைவெளி இல்லாமல் பதினேழு மணி நேரம் நீடித்ததாக உலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பதினேழு மணி நேரம் ஒரு மேஜையை விட்டுக்கொடுத்த கடைக்காரரின் பெருந்தன்மையையும் நான் அந்தக் கணித சாஸ்திரத்தின் ஓர் அங்கமாகவே எண்ணுகிறேன்.

வியன்னா நகரத்துக் காப்பிக் கடைகளில் ஓர் அழகிய சம்பிரதாயம் உண்டு. காப்பியோடு ஒரு குவளை தண்ணீரும் வைப்பார்கள். காப்பி தீர்ந்து நெடுநேரம் ஆனபின்னும், கேளாமலே சிப்பந்தி வந்து புதிய தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். இன்னும் இருக்கலாம் என்பதற்கு அதைவிட நாகரிகமான அனுமதி வேறு என்ன வேண்டும்? வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதை அறமாகக் கொண்ட நமக்கு அந்தக் குவளையின் பாஷை எளிதில் விளங்கும். எழுத்தாளர் பீட்டர் ஆல்டன்பெர்க் தம் விலாசமாகவே 'கபே சென்ட்ரல்' என்று குறிப்பிட்டு வந்தார் என்றால், அங்கே அவருக்குக் கிடைத்த இடம் வீட்டினும் நெருக்கமானது என்றுதானே பொருள்? 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றி, அக்கடைகளின் உயிராக விளங்கிய யூத அறிஞர்களை நாடுகடத்தியும் கொன்றும் ஒழித்தபோது, நாற்காலிகள் இருந்தும் அந்த உலகம் அழிந்துபோயிற்று. இவ்வளவு நடந்தபின்னும் எஞ்சிய வழக்கத்தை ஆஸ்திரிய தேசம் அற்பமென்று தள்ளவில்லை. 2011-இல் வியன்னாவின் காப்பிக் கடை வாழ்க்கையைத் தன் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் முறைப்படி சேர்த்துக்கொண்டது.

லண்டன் மாநகரத்தின் முதல் காப்பிக் கடையைத் திறந்தவரும் ஏவல் செய்து பிழைத்த ஒருவரே என்பதை நாம் மறக்கக் கூடாது. கீழ்த்திசை வர்த்தகம் செய்த டேனியல் எட்வர்ட்ஸ் என்பவரிடம் வேலைக்காரராக இருந்த பாஸ்குவா ரோஸே, 1652-ஆம் ஆண்டில் கார்ன்ஹில் பகுதியின் ஒரு சந்தில் அதைத் தொடங்கினார். ஒரு பென்னிக் காசுக்கு ஒரு கோப்பையும், பத்திரிகையும், கற்றவர்களின் பேச்சும் கிடைத்தமையால் அக்கடைகளைப் பென்னிப் பல்கலைக்கழகங்கள் என்றே ஜனங்கள் அழைத்தார்கள். வில்ஸ் கடையில் கவிஞர் டிரைடனைச் சுற்றி இலக்கிய சபை கூடிற்று. கிரீஷியன் கடையில் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர்கள் கூடினார்கள். 1709-இல் ரிச்சர்ட் ஸ்டீல் தொடங்கிய 'டாட்லர்' பத்திரிகை, கவிதை பற்றிய செய்திகளை வில்ஸ் கடையின் பெயரிலும், வித்தை பற்றியவற்றைக் கிரீஷியன் பெயரிலும், நாட்டு நடப்பைச் செயின்ட் ஜேம்ஸ் கடையின் பெயரிலும் வெளியிட்டது. தத்துவ சாஸ்திரத்தை ஏட்டறைகளிலிருந்து வெளியே அழைத்துவந்து காப்பிக் கடைகளில் குடியமர்த்துவதே தம் நோக்கம் என்று அடிசன் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் அறிவித்ததற்கு, அவருடைய வாசகர்கள் அங்கேதான் அமர்ந்திருந்தார்கள் என்பதே காரணம்.

அக்கடைக்காரர்களுள் எட்வர்ட் லாய்ட் என்பவரை விசேஷமாகச் சொல்ல வேண்டும். 1680-களின் பிற்பகுதியில் தேம்ஸ் நதியோரத்துக்கு அருகே கடை நடத்திவந்த அவர், தம்மிடம் காப்பி அருந்த வருபவர்கள் மாலுமிகளும் கப்பல் சொந்தக்காரர்களுமாக இருப்பதைக் கண்டு, எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வந்தது, எது புயலில் சிக்கியது என்ற செய்திகளைச் சிரத்தையோடு திரட்டி அவர்களுக்கு அளித்தார். 1696-இல் 'லாய்ட்ஸ் நியூஸ்' என்ற பத்திரிகையையும் சிறிது காலம் நடத்தினார். கப்பல் இன்ஷூரன்ஸ் செய்பவர்கள் அந்தக் கடையிலேயே கூடிக் கூடி, உலகப் பிரசித்தி பெற்ற லாய்ட்ஸ் ஸ்தாபனம் உருவாயிற்று. ஜோனதன்ஸ் கடையில் 1698 முதல் ஜான் காஸ்டைங் வெளியிட்டு வந்த பங்கு விலைப் பட்டியலிலிருந்து லண்டன் பங்குச் சந்தையின் வரலாறு தொடங்குகிறது. தம் வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்பதைக் கூர்ந்து கவனித்த கடைக்காரர்களின் கவனம்தான், கலைந்து போகும் பேச்சை நிலைத்து நிற்கும் ஸ்தாபனமாக மாற்றியது.

ஆளுவோருக்கு இவ்விடங்கள் உவப்பாக இருந்ததில்லை. இரண்டாம் சார்லஸ் மன்னன், வர்த்தகர்கள் இங்கே பொழுதை வீணாக்குகிறார்கள் என்றும், அரசாங்கத்தைப் பற்றிப் பொய்ச் செய்திகள் இங்கே பரவுகின்றன என்றும் காரணம் காட்டி, எல்லாக் காப்பிக் கடைகளையும் மூடும்படி 1675 டிசம்பர் 29-ஆம் தேதி ஒரு பிரகடனம் வெளியிட்டான். 1676 ஜனவரி 10-ஆம் தேதி அது அமலுக்கு வர இருந்தது. எழுந்த கூக்குரலைக் கண்டு, அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அவன் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது.

இவ்வளவு பெருமைக்கும் ஒரு கறை உண்டு. அதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் பேசுவது சத்தியமாகாது. அக்கடைகளில் சிலவற்றைப் பெண்கள் நடத்தினார்கள், பல இடங்களில் பெண்கள் பரிமாறினார்கள். ஆனால் வாடிக்கையாளராக வந்து அமர்ந்து விவாதிக்கும் உரிமை பெண்களுக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. லாய்ட்ஸ் கடையில் இன்ஷூரன்ஸ் பெற்ற கப்பல்களுள் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிச் சென்றவையும் இருந்தன. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருபவர் வந்து வெகுமதி பெறவேண்டிய இடமென்று பத்திரிகை விளம்பரங்களில் காப்பிக் கடைகளே குறிக்கப்பட்டன. லாய்ட்ஸ் ஸ்தாபனம் 2020-இல் அந்தப் பாவத்தில் தனக்கிருந்த பங்குக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. ஓர் இடத்தில் எத்தனை உயர்ந்த பேச்சு நடந்தது என்று கேட்பதற்கு முன், அங்கே யார் உட்கார முடிந்தது என்று கேட்கவேண்டும்.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டை நோக்கித் திரும்பும்போது நமக்குத் தலைகுனிவு உண்டாகிறது. காப்பி நம் மத்தியதர வர்க்கத்தின் வாழ்க்கையில் புகுந்து வேரூன்றிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார். அந்தக் காப்பியோடு கூடவே காப்பி கிளப்புகளும் வந்தன. ஆனால் அவற்றுள் பிராமணர்க்கு ஒரு பகுதியும் ஏனையோர்க்கு ஒரு பகுதியுமாகப் பிரிக்கப்பட்டவையும், தாழ்த்தப்பட்டோர் உள்ளே பிரவேசிக்கவே இடமளிக்காதவையும் இருந்தன. 1950 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் விதி, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் எந்தப் பிரஜையையும் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லியது. அப்படியிருந்தும் 1957-இல், பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கும்படி கோரித் திருவல்லிக்கேணி முரளீஸ் கபேயின் முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்ய வேண்டியிருந்தது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையும், பெஞ்சில் உட்கார அனுமதியாத கொடுமையும் அதற்குப் பின்னும் நீடித்தன. ஆசனம் என்பது அற்பப் பொருள் அன்று. அதை மறுப்பதற்காக ஒரு சமூகம் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்பதே அதன் மதிப்பை நமக்கு உணர்த்தப் போதுமானது.

இந்தப் பின்னணியில்தான் இந்தியன் காப்பி ஹவுஸின் சரித்திரம் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் காப்பியின் விலை வீழ்ந்து தோட்டங்கள் தவித்தபோது, உள்நாட்டிலேயே காப்பி அருந்தும் பழக்கத்தைப் பரப்ப வேண்டும் என்ற யோசனை பிறந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பியின்மேல் ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தைச் செலவிட ஒரு கமிட்டியை அமைத்தது. 1936-இல் பம்பாய் சர்ச்கேட் பகுதியில் முதல் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. பின்னர் காப்பி வாரியத்தின் நிர்வாகத்தில், 1940-களில் நாடெங்கும் சுமார் 50 கிளைகள் நடந்துவந்தன. வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த சிப்பந்திகள் கொண்டுவந்து வைத்த கோப்பையை, எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்தாரும், எந்த மாகாணத்தவரும் ஒரே மேஜையில் அமர்ந்து அருந்தக் கூடிய பொது இடமாக அது விளங்கியது. விளம்பரத்துக்காகத் தொடங்கப்பட்ட கடைகள், சமத்துவத்தின் ஒரு சிறிய பாடசாலையாக மாறியதை அவற்றைத் தொடங்கியவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1950-களின் நடுவில் வாரியத்தின் கொள்கை மாறிற்று. கடைகளை மூடிவிடுவதென்று தீர்மானித்து, தொழிலாளிகளை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்குத் துணையாக நின்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன், சென்னைச் சிறையில் இருந்தபடியே தடுப்புக் காவலை எதிர்த்து 1950-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடி, இன்றளவும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்புக்குத் தம் பெயரைத் தந்த அதே கோபாலன்தான். வேலை கேட்டு மன்றாடுவதைவிட, கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பது அவர் தந்த யோசனை. 1957 ஆகஸ்ட் 19-ஆம் தேதி பெங்களூரில் காப்பித் தொழிலாளர்களின் முதல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி டில்லியில் தொழிலாளர் நடத்தும் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை தொடங்கியது. திருச்சூர்க் கடையை உருவாக்கியவர்களுள் ஒருவரான நடக்கல் பரமேஸ்வரன் பிள்ளை அந்த வரலாற்றை மலையாளத்தில் ஒரு நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். கோப்பை ஏந்தியவர் தம் கதையைத் தாமே எழுதிய அபூர்வமான நூல் அது.

நேற்றுவரை உத்தரவுக்குக் காத்து நின்ற சிப்பந்திகள், சங்கத்தின் அங்கத்தினராகி, தங்களுக்குள்ளேயே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, கணக்கெழுதி, லாப நஷ்டம் பார்த்து நடத்திய அந்தக் கடைகள் அறுபது எழுபது ஆண்டுகள் நிலைத்துவிட்டன. பாண்டிச்சேரி நேரு வீதியிலும் அத்தகைய கடை ஒன்று உண்டு. 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில், கதையின் விதை கிடைக்கும் இடமாக யான் மார்டெல் அதையே அமைத்திருக்கிறார். திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் நிலையத்துக்கு அருகே, லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் அவர்களுக்காகச் செங்கல்லால் எழுப்பிய கடை, சங்குபோல் சுழன்று சுழன்று மேலேறும் ஒரே நடைபாதையாக அமைந்திருக்கிறது. சுவரையொட்டி வரிசையாக மேஜைகள். தனியறையோ, பெரிய மனிதருக்கென்று ஒதுக்கிய கூடமோ அதில் இருக்க இடமே இல்லை. சமத்துவத்தைச் சுவரெழுப்பிக் காட்டிய கட்டடம் என்று அதைச் சொல்வது மிகையாகாது.

கல்கத்தா கல்லூரித் தெருவின் காப்பி ஹவுஸைக் காணச் சென்ற ஒரு பிற்பகலை நான் மறக்கமாட்டேன். ஆல்பர்ட் ஹால் என்று பெயர் பெற்ற அந்த மண்டபம் 1876-இல் ஏற்பட்டது. காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1883 டிசம்பரில், சுரேந்திரநாத் பானர்ஜியின் முயற்சியால் இந்திய தேசிய மாநாடு கூடிய இடம். 1942-இல் காப்பி வாரியம் அங்கே கடை வைத்தது. 1958-இல் அதை மூடிவிடத் தீர்மானித்தபோது, பிரெசிடென்ஸி கல்லூரியிலும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் இருந்த பேராசிரியர்கள் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் செய்து அதே ஆண்டில் மீண்டும் திறக்கச் செய்தார்கள். சுநீல் கங்கோபாத்யாயவும் தோழர்களும் 1953-இல் தொடங்கிய 'கிருத்திவாஸ்' பத்திரிகையைச் சுற்றி வளர்ந்த வங்கக் கவிஞர் கூட்டம் அங்கே கூடியது. பிரெசிடென்ஸி கல்லூரியில் பயின்ற அமர்த்யா சென் தம் நினைவுகளில் அந்த இடத்தை அன்போடு குறிப்பிடுகிறார். மன்னா டே பாடிய காப்பி ஹவுஸ் பாட்டை அறியாத வங்காளி இருக்கமாட்டார்.

உயர்ந்த கூரையில் தொங்கிய மின்விசிறிகளின்கீழ், பேச்சின் இரைச்சல் ஓர் அருவியைப் போல் இடையறாமல் எழுந்துகொண்டிருந்தது. நான் அமர்ந்த மேஜையில் இரண்டு மாணவர்களும் வயோதிகர் ஒருவரும் முன்னமே இருந்தார்கள். அவர்களுக்குள் பரிச்சயம் இல்லை என்பது சிறிது நேரத்தில் தெரிந்தது. ஆனாலும் கால் மணிக்குள் மூவரும் ஒரு கவிதையின் சந்தத்தைப் பற்றி வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். பாஷை தெரியாத என்னையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தமிழில் எதுகை எந்த இடத்தில் வரும் என்று கேட்டு, காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். எங்கள் கோப்பைகள் காலியாகி வெகுநேரம் ஆயிற்று. தலைப்பாகை அணிந்த முதிய சிப்பந்தி வந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு, நான்கு குவளைகளில் தண்ணீர் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். வியன்னாவின் சம்பிரதாயத்தை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. பேச்சு நடக்கும் மேஜையை மதிக்கத் தெரிந்த ஒருவரின் இயல்பு எங்கும் ஒன்றுதான்.

இத்தகைய இடங்கள் எளிதில் அழியக் கூடியவை. சார்லஸ் மன்னனின் பிரகடனத்துக்குச் சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1975-இல் இந்தியாவில் நெருக்கடி நிலை பிறந்தது. அந்தக் காலத்தில்தான் டில்லி கன்னாட் பிளேஸில் அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரர்களும் கூடிப் பேசிவந்த காப்பி ஹவுஸ் இடித்துத் தள்ளப்பட்டது. அரசாங்கத்தின் கரம் எட்டாத இடங்களை வாடகையின் கரம் எட்டுகிறது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் இரண்டு தலைமுறைகள் அமர்ந்து பேசிய கடை 2009-இல் அவ்விடத்தை விட்டு வெளியேறி, சர்ச் வீதிக்குப் போகவேண்டியதாயிற்று. ஒரே கோப்பையோடு இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பவர், சதுர அடிக்குக் கணக்குப் பார்க்கும் வியாபாரத்தில் நஷ்டமாகவே தோன்றுவார். ஆகவேதான் நம் ஊர்களில் இன்று இரண்டு விதமான கடைகளே பெருகுகின்றன: நாற்காலியே இல்லாமல் நின்றபடி பருகிவிட்டு நகரவேண்டிய கடைகள் ஒரு விதம், குளிரூட்டிய அறையில் ஆசனம் தந்து, அதற்காக ஒரு கோப்பைக்கு இருநூறு ரூபாய் கேட்கும் கடைகள் மற்றொரு விதம். முன்னதில் காப்பி உண்டு, இடம் இல்லை. பின்னதில் இடம் உண்டு, ஏழை மாணவனுக்கு அது எட்டாது.

அங்கே நடப்பது வெறும் அரட்டைதானே, அதற்கு இத்தனை பரிவு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரட்டை நடப்பது உண்மை. நூறு நாள் அரட்டை நடக்கும் மேஜையில்தான் ஒரு நாள் ஒரு சிந்தனை உதிக்கும். எந்த நாள் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் நூறு நாளையும் காப்பாற்றியே தீரவேண்டும். கைப்பேசியிலேயே எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொள்ளும் காலத்தில் மேஜை எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முகம் காணாத பேச்சில் நமக்கு ஒவ்வாதவரை ஒரு விரல் அசைவில் விலக்கிவிடுகிறோம். ஒரே மேஜையில் எதிரே அமர்ந்தவரை அப்படி விலக்க இயலாது. அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கிறோம், நம் சொல் அவர் முகத்தில் உண்டாக்கும் வேதனையைக் காண்கிறோம், கண்டபின் நம் குரல் தானே தாழ்கிறது. ஜனநாயகத்துக்கு இன்றியமையாத இந்தப் பயிற்சியை அளிக்க வேறு பள்ளிக்கூடம் நம்மிடம் எங்கே இருக்கிறது?

ஆகையால் என் கோரிக்கையைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். 1935-இல் காப்பியின்மேல் விதித்த தீர்வையிலிருந்து காப்பி ஹவுஸ்கள் பிறந்தன. 1948-இல், எஸ். ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியின் பயனாக நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியிலிருந்து நம் நூலகங்கள் வளர்ந்தன. மக்களின் காசில் பிறந்த இவ்விரண்டு ஸ்தாபனங்களையும் ஏன் அருகருகே வைக்கலாகாது? நூலகத்தில் மௌனமே விதி. படித்ததைப் பேசித் தீர்க்க இடமின்றி வாசகர்கள் வாசற்படியில் நின்று கலைந்துபோகிறார்கள். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்தின் பக்கத்திலும் விசாலமான ஒரு கூடம் கட்டி, அதைக் குறைந்த வாடகையில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிடம் நீண்டகாலக் குத்தகைக்கு ஒப்படைத்து, ஒரு கோப்பை வாங்கியவரை எழுந்துபோகச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் நிபந்தனையாக விதிக்கட்டும். இரவு ஒன்பது மணிவரை விளக்கும், சுத்தமான கழிப்பறையும், வாசலில் பஸ் வசதியும் இருந்தால், இதுகாறும் இந்தச் சரித்திரம் முழுவதிலும் வெளியே நிறுத்தப்பட்ட பெண்களும் அங்கே வந்து அச்சமின்றி அமர்வார்கள். இப்போதுள்ள காப்பி ஹவுஸ்கள் அரசாங்கக் கட்டடங்களிலோ நகராட்சிக் கட்டடங்களிலோ நடக்கும் இடங்களில், ஏலத்தில் அதிக வாடகை கேட்பவருக்கு இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாமல், அந்தத் தொழிலாளிகளுக்கே உறுதி செய்து தரட்டும். ஒரு நூலகத்துக்கு ஆகும் செலவில் இது சிறு பகுதியே ஆகும். வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு: நெடுநேரம் அமர்ந்தால் இரண்டாவது கோப்பையும் வாங்குவோம், அதைக் கொண்டுவந்து வைப்பவரின் பெயரைக் கேட்டறிவோம்.

ஸ்காட்டிஷ் புத்தகத்தின் கடைசிக் கணக்கு 1941 மே 31-ஆம் தேதி, ஹூகோ ஸ்டைன்ஹவுஸின் கையால் எழுதப்பட்டது. மூன்று வாரம் கழித்து ஜெர்மன் படைகள் கிழக்கே திரும்பின. ஜூலை மாதத்தில் லுவோவ் நகரத்துப் பேராசிரியர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பானாக், பேன்களுக்குத் தம் இரத்தத்தை ஊட்டும் வேலை செய்து, டைபஸ் ஜுரத்துக்குத் தடுப்பு மருந்து தயாரித்த ஆராய்ச்சிக் கூடத்தில் உயிர்பிழைத்திருந்து, யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே காலமானார். புத்தகம் தப்பியது, ஸ்டைன்ஹவுஸ் அனுப்பிய பிரதியை உலாம் மொழிபெயர்த்து 1957-இல் உலகெங்கும் உள்ள கணித சாஸ்திரிகளுக்கு அனுப்பினார், அதிலிருந்த கணக்குகளும் ஒவ்வொன்றாக விடுபட்டு வருகின்றன. மஸூரும் பானாக்கும் உலாமும் அமர்ந்த மேஜையைச் சுற்றி அந்தக் கூட்டம் மறுபடி ஒருநாளும் கூடவில்லை. ஏட்டைக் காப்பாற்ற ஒருவருடைய துணிவு போதுமானதாக இருந்தது. ஆசனத்தைக் காப்பாற்ற ஓர் ஊரே முன்வர வேண்டும். சமாதான காலத்தில், சட்டமும் வரிப்பணமும் நம் கையில் இருக்கையில், அதை நாம் செய்யாமல் விட்டால் யுத்தத்தின்மேல் பழிபோட நமக்கு இடமிராது.